காரீயம் விற்ற நாடும் ஒரு பென்சில் கம்பனியும்

‘கலம்’ என்னும் அறபுச் சொல் இவ்விதழின் வாசக அன்பர்களுக்குப் புதிதன்று. எழுதுகோலின் சிறப்பைச் சொல்லாத இலக்கிய மேடையும் இல்லை. ஆயினும் பென்சிலைப் பற்றி எவரும் பேசக் காணோம். பேனாவைத் தொடுமுன் நாமெல்லோரும் சில வருடங்கள் பென்சிலோடுதான் மாரடித்தோம். கொக்குவிலில் ஆரம்ப வகுப்புப் பிள்ளைகளுக்குப் படிப்பிப்பவன் என்ற முறையில் அதன் கதையைச் சிறிது சொல்ல விரும்புகின்றேன்.

பென்சிலின் கறுப்பு ஈயமன்று. அது கரியின் ஒரு வடிவம். காரீயம் என்ற பெயரே அந்த மயக்கத்தை நீடிக்க வைத்திருக்கிறது. போகல, கஹட்டகஹ சுரங்கங்களில் பாறை வெடிப்புகளுக்குள் நரம்பு நரம்பாகக் கிடக்கும் இலங்கைக் காரீயம் தூய்மையில் உலகப் புகழ் பெற்றது. முதலாம் உலகப் போரின் நடுவே, 1916இல், ஏறத்தாழ 33,000 தொன் கப்பலேறியது. பெரும்பகுதி போனது பிள்ளைகள் எழுதவல்ல. உலோகம் உருக்கும் மூசைகள் செய்ய. போர்த்தளவாடத்துக்கு அள்ளிக் கொடுத்த தீவு, தன் பிள்ளைகளுக்கான பென்சிலைப் பிறநாட்டிலிருந்து வாங்கியது.

பென்சிலுக்குத் தூய காரீயக் கட்டிதான் வேண்டும் என்று ஒரு காலத்தில் நம்பினார்கள். இங்கிலாந்தின் போரோடேல் மலையில் வெட்டிய கட்டியை அறுத்து மரத்துக்குள் வைத்தார்கள். 1793இல் பிரான்சுக்கும் இங்கிலாந்துக்கும் போர் மூண்டது. பிரான்சுக்குக் காரீயம் வருவது நின்றது. 1795இல் நிக்கோலா ஜாக் கொந்தே என்பவர், மட்டமான காரீயத்தைத் தூளாக்கி, களிமண்ணோடு பிசைந்து, குச்சியாக்கிச் சூளையில் சுட்டார். களி கூடினால் வன்மை. குறைந்தால் மென்மையும் கருமையும். பென்சிலின் அடியில் நாம் காணும் ‘எச்’, ‘பி’ என்ற குறிகளுக்கு அடிப்படை இதுதான். இன்றைய ஆலைகளும் இம்முறையையே பின்பற்றுகின்றன. ஆக, இன்றைய பென்சில் ஒரு பொருட்தடையின் பிள்ளை எனலாம்.

இலங்கையில் சிலோன் பென்சில் கம்பனி 1959இல் தொடங்கியது. அரசின் பத்தாண்டுத் திட்டம் வெளிவந்ததும் அதே ஆண்டிலேதான். 1945இல் வந்த இலவசக் கல்வியால் பள்ளிக்கூடங்கள் நிறைந்திருந்தன. 1960களில் இறக்குமதிக் கட்டுப்பாடுகளும் இறுகின. உள்நாட்டுப் பென்சிலுக்கு இதைவிட நல்ல காலம் வாய்த்திருக்காது. ‘அட்லஸ்’ என்ற அதன் பெயர் நாளடைவில் கொப்பி, வர்ணப் பென்சில், பேனா எல்லாவற்றிலும் ஏறியது. அதன் ‘சூட்டி’ பேனாவை அறியாத மாணவர் அரிது. சிங்களத்தில் சின்னஞ்சிறியது என்று பொருள். 1977இல் பொருளாதாரம் திறந்துவிடப்பட்டபோது எங்கள் மிளகாய், வெங்காயச் செய்கையாளர் பட்ட அடி யாழ்ப்பாணம் அறிந்தது. அந்த வெள்ளத்திலும் இக்கம்பனி நின்று பிடித்தது. 2018இல் அதன் பெரும்பான்மைப் பங்கு ஹேமாஸ் நிறுவனத்திடம் சென்றது.

ஆனால் பேலியகொடையில் செய்த பென்சில் எங்களிடம் வந்துசேரப் பாதை வேண்டுமே! 1990இல் போர் மீண்டும் தொடங்கியபின் குடாநாட்டுக்குள் மண்ணெண்ணெயும் பற்றரியும் சவர்க்காரமும் அருமையாகிவிட்டன. ஒற்றை றூள் தாளில் பத்திரிகை அச்சான காலம் அது. நான் யாம் போத்தல் விளக்கில் படித்த தலைமுறை. பென்சில் விரலுக்குள் அடங்காத துண்டாகத் தேய்ந்ததும், மை முடிந்த பேனாவின் கோதுக்குள் அதைச் செருகி எழுதுவோம். எறிந்துவிட்டு வீட்டில் புதிதாகக் கேட்கும் துணிவு எவருக்கும் இருக்கவில்லை. கூராக்கியால் சீவினால் வீணாகும் என்று அம்மா பிளேற்றால் மட்டுமட்டாகச் சீவித் தருவார். கொந்தேயைப் போல நாங்கள் எதையும் கண்டுபிடிக்கவில்லை. இருந்ததைச் சிக்கனமாகச் செலவழித்தோம், அவ்வளவே.

2022 மார்ச்சில் தட்டுப்பாடு தெற்கையும் தொட்டது. கடதாசியும் மையும் இறக்குமதி செய்ய டொலர் இல்லாமல் மேல் மாகாணப் பாடசாலைகளின் தவணைப் பரீட்சைகள் பிற்போடப்பட்டன. காரீயம் தோண்டும் நாட்டுக்குக் கடதாசி வாங்க வழியில்லை. அந்த மாதங்களில் என் வகுப்பில் பேனாவை ஒதுக்கிவைத்து, கணக்கெல்லாம் பென்சிலிலேயே செய்வித்தேன். அழிறப்பர் கொண்டு துடைத்தால் அதே தாளில் மறுநாளும் எழுதலாம்.