1985 (பாடல்)

1985 என்பது பவுலிங் ஃபார் சூப் என்ற அமெரிக்க இசைக்குழு 2004-ஆம் ஆண்டு வெளியிட்ட பாப் பங்க் பாடலாகும். 'எ ஹேங்ஓவர் யூ டோன்ட் டிசர்வ்' என்ற இசைத்தொகுப்பில் இது இடம்பெற்றது. பில்போர்டு ஹாட் 100 பட்டியலில் 23-ஆம் இடம்வரை உயர்ந்தது. இளமைக் காலமான 1980-களிலேயே மனம் தங்கிவிட்ட ஒரு பெண்ணைப் பற்றிய நகைச்சுவைப் பாடல் இது.

தோற்றம்

இப்பாடலைப் பலரும் பவுலிங் ஃபார் சூப் குழுவின் சொந்தப் படைப்பு என்றே கருதுகின்றனர். உண்மையில் இதை முதலில் பாடியது எஸ்.ஆர்-71 என்ற குழு. அக்குழுவின் பாடகர் மிட்ச் ஆலனும் ஜான் ஆலனும் இதை எழுதினர். 2004-இல் ஜப்பானில் வெளியான அவர்களது தொகுப்பில் இது உள்ளது. டெக்சாஸ் மாநிலத்தின் விச்சிட்டா ஃபால்ஸ் நகரில் 1994-இல் தொடங்கிய பவுலிங் ஃபார் சூப், அதே ஆண்டில் இதை மீண்டும் பதிவு செய்தது. பாடகர் ஜாரெட் ரெடிக் சில வரிகளை மாற்றியதால் அவரும் பாடலாசிரியர்களில் ஒருவராகக் குறிக்கப்படுகிறார். இவ்வாறு வேறொருவர் பாடலை எடுத்துப் பாடுவதைக் கவர் பாடல் என்பர். கவர் பாடல் புகழ்பெறும்போது மூலப் பாடகர் மறக்கப்படுவதுண்டு. இங்கும் அதுவே நிகழ்ந்தது.

கதை

டெபி என்னும் குடும்பத் தலைவியே பாடலின் நாயகி. நடிகையாகவும் நட்சத்திரமாகவும் ஆக வேண்டும் என்று கனவு கண்டவள். இன்று கணவன், உயர்நிலைப் பள்ளியில் படிக்கும் இரு பிள்ளைகள், வீட்டு வேலை என நாட்கள் ஓடுகின்றன. காலத்துக்கு ஒவ்வாதவள் என்று பிள்ளைகள் அவளைக் கேலி செய்கின்றனர். மடோனா, புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீன், யூ2, பிளாண்டி முதலிய பெயர்கள் அவள் நினைவில் வரிசையாக வருகின்றன.

பாடலும் வரலாறும்

பாடலின் பெயர் ஓர் ஆண்டைச் சுட்டினாலும் அதிலுள்ள செய்திகள் பல ஆண்டுகளைச் சேர்ந்தவை. பிளாண்டி குழு 1982-இலேயே கலைந்துவிட்டது. 'பிரெட்டி இன் பிங்க்' திரைப்படம் 1986-இல் வந்தது. கார் முகப்பின் மேல் பெண் ஆடும் ஒயிட்ஸ்நேக் குழுவின் காணொளி 1987-இல் வந்தது. இப்பாடலின் காணொளி கேலி செய்யும் ராபர்ட் பாமரின் 'அடிக்டட் டு லவ்' 1986-ஐயும், ஜார்ஜ் மைக்கேலின் 'ஃபெயித்' 1987-ஐயும் சேர்ந்தவை. 'தி பிரேக்ஃபாஸ்ட் கிளப்', 'செயின்ட் எல்மோஸ் ஃபயர்' ஆகிய படங்கள் மட்டும் சரியாக 1985-க்கு உரியவை.

இதைப் பிழை என்று ஒதுக்கிவிட வேண்டியதில்லை. மனித நினைவு நாட்காட்டி பார்த்துச் சேமிப்பதில்லை. பிடித்தவற்றையெல்லாம் ஒரே பெட்டியில் போட்டு அதன்மேல் ஓர் ஆண்டை எழுதிவிடுகிறது. பிடிக்காதவை அப்பெட்டிக்குள் வருவதில்லை. எத்தியோப்பியப் பஞ்சத்துக்காக 1985 ஜூலை 13 அன்று நடந்த லைவ் எய்டு இசைநிகழ்ச்சி, எய்ட்ஸ் நோய் குறித்த அச்சம், பனிப்போர் ஆகிய எதுவும் இப்பாடலில் இல்லை.

ஆகவே, 1985-ஐ அறிய விரும்பும் மாணவருக்கு இப்பாடல் நல்ல சான்று அன்று. ஆனால் 2004-ஐ அறிய இது மிக நல்ல சான்று. ரியாலிட்டி நிகழ்ச்சிகள் தொலைக்காட்சியை நிரப்பிவிட்டன, எம்டிவியில் இசை குறைந்துவிட்டது, ஓசி ஆஸ்பர்ன் நடிகராகிவிட்டார் என்ற குறைகள் அன்றைய காலத்தவை. ஆஸ்பர்ன் குடும்பத்தைக் காட்டிய எம்டிவி தொடர் 2002-இல்தான் தொடங்கியது. எந்த ஆண்டைப் பற்றிப் பேசுகிறது என்பதோடு எந்த ஆண்டில் நின்று பேசுகிறது என்றும் கேட்பதே வரலாற்றுச் சான்றை வாசிக்கும் முறை.

இன்றைய நிலை

1985-க்கும் இப்பாடலுக்கும் இடையே 19 ஆண்டுகள். பாடல் வெளிவந்து இப்போது அதைவிட அதிக காலம் ஆகிவிட்டது. அன்று டெபியைக் கேலி செய்த பிள்ளைகளின் வயதினர் இன்று பெற்றோராகி, இப்பாடலைத் தங்கள் பொற்கால நினைவாகக் கேட்கின்றனர்.