கல்வியும் வாழ்நாளும்: அமெரிக்க நாட்டுச் சான்றுகள்

கல்வியை அறிவின் ஊற்றாகவும் அழியாச் செல்வமாகவும் போற்றுதல் நம் மரபு. அது வாழ்நாளையும் நீட்டுமோ என்னும் வினாவினை அமெரிக்க ஐக்கிய நாடுகளின் சான்றுகள் கொண்டு ஈண்டு ஆராய்வாம்.

1900ஆம் ஆண்டு மக்கட்கணக்கெடுப்பில், ஈன்ற மக்கள் எத்துணையர், அவருள் உயிரோடிருப்போர் எத்துணையர் எனத் தாய்மார் வினவப்பெற்றனர். அவ்விடைகளைப் பிரெஸ்டன், ஹெயின்ஸ் என்னும் அறிஞர் இருவரும் ஆராய்ந்து 1991இல் நூலாக வெளியிட்டனர். அக்காலத்துக் குழந்தைகளுள் நூற்றுக்கு ஏறத்தாழ 18 பேர் ஐந்தாண்டு நிரம்புமுன் இறந்தனர். மருத்துவர்தம் மக்களும் பிறர் மக்களினும் சிறிதளவே மிகுதியாகப் பிழைத்தனர். இனமும் ஊரின் அளவும் காட்டிய வேறுபாட்டைக் கல்வியும் தொழிலும் காட்டவில்லை. காரணம் யாது? காசநோய்க் கிருமியைக் கோக் 1882இலேயே கண்டறிந்தார். எனினும் கைகழுவுதல், பாலைக் காய்ச்சுதல், நோயுற்றாரைப் பிரித்து வைத்தல் ஆகியன இல்லத்து வழக்கமாக இன்னும் வேரூன்றவில்லை. 1920களில் அவை வேரூன்றியபோது, மருத்துவர்தம் மக்களின் இறப்பு நாட்டுச் சராசரியினும் மிகக் கீழே இறங்கியது.

சிகாகோப் பல்கலைக்கழகத்துக் கிட்டகாவா, ஹாசர் இருவரும் 1960ஆம் ஆண்டின் இறப்புச் சான்றுகளை அவ்வாண்டு மக்கட்கணக்கோடு பொருத்தி நோக்கினர். கல்வி குறைந்தோரிடை இறப்பு மிகுதி என்பது 1973இல் வெளிவந்த அவர்தம் நூலாற் பெறப்படும். 1986ஆம் ஆண்டு நிலையை 1960உடன் ஒப்பிட்டுப் பாப்பசும் பிறரும் 1993இல் எழுதிய கட்டுரை, இறப்பு குறைந்தும் வேறுபாடு வளர்ந்தமையைக் காட்டிற்று. புகைப்பழக்கத்தின் கேட்டினை அரசின் அறிக்கை 1964இல் உணர்த்திய பின், அதனை விரைந்து விட்டோர் கற்றோரே. 1999 முதல் 2013 வரை, நடுவயது வெள்ளையருள் உயர்நிலைப்பள்ளியளவோ அதனிற் குறைவாகவோ கற்றாரிடை இறப்பு ஏறியதனையும், கல்லூரிக் கல்வி முடித்தாரிடை இறங்கியதனையும் கேசும் டீட்டனும் 2015இல் நிறுவினர். போதைப்பொருள், மது, தற்கொலை என்பன அவ்வேற்றத்திற் பெரும்பங்கு கொண்டன.

ஈண்டு ஒரு தடை எழும். பள்ளிக்கல்வி குறைந்தோர் முன்னர்ப் பலர், பின்னர்ச் சிலர். ஆகவே இரு காலத்தாரையும் ஒரே அளவையால் ஒப்பிடல் பொருந்துமோ எனின், அத்தடை கருதத்தக்கதே. வேறுபாட்டின் அளவைக் கூறுங்கால் எச்சரிக்கை வேண்டும். ஆயினும், மருத்துவர்தம் மக்கள் இருபத்தைந்து ஆண்டுகளுள் பெற்ற நலத்தினை அஃது எளிதின் மறுக்கமாட்டாது. அங்கு ஒப்பிடப்பட்டது ஒரே தொழிலினர் ஆதலின்.

இவற்றால், கல்வி தன்னளவில் உயிர்காக்கும் மருந்தன்று என்பதும், புதிய அறிவு தோன்றுங்கால் அதனை முதலிற் கைக்கொள்ளும் ஆற்றலே அது தருவது என்பதும் விளங்கும். அறிவு வளருந்தோறும் வேறுபாடும் வளர்தல் இதனால் நேர்வது. ஆயின் அது மாற்ற இயலாத விதியன்று. ஜெர்சி நகரில் 1908இல் குளோரின் சேர்த்து வழங்கத் தொடங்கிய குடிநீர், அதனைப் பருகியோருள் கற்றார் கல்லார் என வேறுபாடு காணவில்லை. தனி மனிதரின் கல்வியை எதிர்நோக்காது அறிவின் பயனை அனைவர்க்கும் உரியதாக்கும் பொது ஏற்பாடே இவ்வேற்றுமையைக் குறைக்கும் என்பது இவ்வரலாற்றின் முடிபு.