தடுப்பூசியும் செங்கற்பட்டுக் கணக்கும்

உத்திரமேரூர் என்றவுடன் குடவோலைக் கல்வெட்டே நம் நினைவுக்கு வருகிறது. முதலாம் பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 919, 921 ஆகிய ஆண்டுகளில் எழுந்த அக்கல்வெட்டுகள், வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாமற் போனவரையும் அவர்தம் உறவினரையும் மீண்டும் வாரியத்தில் சேர்க்கலாகாது என்று விதிக்கின்றன. அவ்வூரைத் தன்னுள் கொண்டிருந்த பழைய செங்கற்பட்டு மாவட்டத்தின் பெயர், உலக மருத்துவ நூல்களிலும் இடம்பெற்றிருக்கிறது. அதற்குக் காரணமும் ஒரு கணக்குத்தான். அது காசநோய்த் தடுப்பூசி பற்றிய கணக்கு. பிறந்த குழந்தையின் இடது தோளில் இன்றும் வடுவாக நிற்கும் அந்த ஊசியைப் பற்றி மக்கள் என்ன எண்ணினார்கள், மருத்துவர்கள் என்ன எண்ணினார்கள், இறுதியில் வெளிப்பட்ட உண்மை யாது என்பனவற்றை நம் குடும்பங்கள் அறிந்திருத்தல் நலம்.

தடுப்பூசி என்றால் மேனாட்டார் நம்மீது திணித்த ஒன்று என்று கருதுவோர் நம்மிடையே இன்றும் உளர். வரலாறு அவ்வாறு கூறவில்லை. பெரியம்மையையும் தட்டம்மையையும் வெவ்வேறு நோய்களாகப் பிரித்தறிந்து தனி நூல் எழுதியவர் பத்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மறைந்த மருத்துவ மேதை அர்-ராஸீ ஆவார். அம்மை கண்டவரின் கொப்புளத்திலிருந்து சிறிது எடுத்து நலமுள்ளவரின் தோலில் கீறிவைக்கும் வழக்கத்தை, உதுமானியரின் தலைநகரான இஸ்தான்புல்லில் கண்டு வியந்து, 1718-இல் தம் மகனுக்கே அங்கு அதனைச் செய்வித்தவர் ஆங்கிலத் தூதரின் மனைவியான மேரி மாண்டேகு சீமாட்டி. ஜென்னர் பசு அம்மைப்பாலைக் கொண்டு சோதித்தது 1796-இல்தான். அப்பால் 1802-ஆம் ஆண்டு ஜூன் 14-ஆம் நாள் பம்பாயில் ஒரு சிறுமிக்குக் குத்தப்பட்டது. விரைவிலேயே சென்னை மாகாணத்திற்கும் வந்து சேர்ந்தது.

சென்னையில் அதனை மக்கள் ஏற்கத் தயங்கினர். அம்மையைத் தெய்வத்தின் வருகையாகக் கொண்ட நாடல்லவா? தயக்கத்தைப் போக்கக் கும்பினி அதிகாரியும் தமிழறிஞருமான எல்லிஸ் ஓர் உபாயம் கண்டார். சக்தியும் தன்வந்திரியும் உரையாடுவதாகவும், பசுவின் அம்மைப்பால் தெய்வம் அருளிய கொடை என்று அதில் வெளிப்படுவதாகவும் தமிழில் ஓர் உரையாடலை இயற்றினார். நோக்கம் நல்லதே. ஆயினும், மக்களுக்குக் காரணம் கூறி விளங்கவைக்க இயலாது, கதை கூறித்தான் இணங்கவைக்க வேண்டும் என்னும் எண்ணம் அதில் ஒளிந்திருக்கிறது. மருத்துவம் கற்றோர் பாமரரை நோக்கும் இந்த நோக்கு எல்லிஸோடு மறைந்துவிடவில்லை.

இனி காசநோய்க்கு வருவோம். கால்மெட், கெரான் என்னும் இரு பிரெஞ்சு அறிஞர்கள் 1908 முதல் பதின்மூன்று ஆண்டுகள் ஒரு கிருமியை மீண்டும் மீண்டும் வளர்த்து, அதன் வீரியத்தைக் குறைத்து, பி.சி.ஜி. என்னும் இத்தடுப்பு மருந்தை ஆக்கினர். 1921-இல் அது முதன்முதலாக ஒரு குழந்தைக்குக் கொடுக்கப்பட்டது. 1930-இல் ஜெர்மனியின் லூபெக் நகரில் வீரியமுள்ள காசநோய்க் கிருமி இம்மருந்தோடு கலந்துவிட்டதால் எழுபதுக்கும் மேற்பட்ட பச்சிளங் குழந்தைகள் மாண்டன. இந்தியா விடுதலை பெற்றபின் 1948-இல் கிண்டியில் பி.சி.ஜி. ஆய்வுக்கூடம் அமைந்தது, உலக நிறுவனங்களின் துணையுடன் நாடெங்கும் இயக்கம் தொடங்கிற்று.

அதனை எதிர்த்து எழுந்தவர் எழுத்தறிவற்ற கிராமவாசி அல்லர். முதலமைச்சர் பதவியிலிருந்து விலகியிருந்த இராஜாஜி! 1955-இல் அவர் மேடைகளில் பேசினார். தாம் ஏன் எதிர்க்கிறேன் என்று விளக்கிச் சிறுநூலும் வெளியிட்டார். நலமுள்ள குழந்தையின் உடலில் உயிருள்ள கிருமியைச் செலுத்தலாமா, அதன் பயன் ஐயமற நிறுவப்பட்டதா, பெற்றோரின் மனமார்ந்த இசைவு பெறப்பட்டதா என்பன அவர் எழுப்பிய வினாக்கள். சென்னை மாநிலத்தில் இயக்கம் தளர்ந்தது. மத்திய சுகாதார அமைச்சர் ராஜகுமாரி அம்ரித் கௌர் இயக்கத்தின் பக்கம் உறுதியாக நின்றார். மருத்துவர்களிற் பெரும்பாலோர் இராஜாஜியின் பேச்சை அறிவியலறியாத அரசியல்வாதியின் பிடிவாதம் என்று ஒதுக்கினர். அவருடைய அச்சங்கள் அனைத்தும் சரியென்று நாம் கூற வரவில்லை. ஆனால் பயன் நிறுவப்பட்டதா என்ற வினா நேர்மையான வினா. பிரிட்டனில் பள்ளி முடிக்கும் மாணவரிடையே நடந்த பெரும் ஆய்வு ஐந்தில் நான்கு பங்கு காப்பு உண்டென்று காட்டியது. அமெரிக்காவில் ஜார்ஜியா, அலபாமா மாநிலங்களில் நடந்த ஆய்வோ மிகக் குறைந்த காப்பையே காட்டியது. நம் மண்ணுக்கு எது பொருந்தும் என்பதை எவரும் அறுதியிட்டுக் கூற முடியவில்லை.

அதனை அறியவே 1968 ஜூலையில் செங்கற்பட்டு மாவட்டத்தில் மாபெரும் ஆய்வு தொடங்கிற்று. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும், உலக சுகாதார நிறுவனமும், அமெரிக்கப் பொதுச் சுகாதாரத் துறையும் கூட்டாக நடத்திய ஆய்வு அது. களம் இன்றைய திருவள்ளூர்ப் பகுதி: 209 கிராமங்களும் ஒரு நகரமும். 3,66,625 பேர் பதிவு செய்யப்பட்டனர். 2,81,161 பேருக்கு ஊசி போடப்பட்டது. சிலருக்குப் பி.சி.ஜி., சிலருக்கு மருந்தற்ற வெறும் நீர்மம். எவருக்கு எது என்பதை ஊசி போட்டவரும் அறியார், போட்டுக்கொண்டவரும் அறியார். வெறும் நீர்மமும் கலந்திருக்கிறது என்பது அந்நாளில் எத்தனை பேருக்கு விளங்கியிருக்கும் என்பது கேட்கத்தக்க கேள்வியே. எனினும் உழவரும் கூலிகளும் பெண்டிரும் பிள்ளைகளும் கை நீட்டினர். பதினைந்து ஆண்டுகள் அவர்களை விடாது தொடர்ந்து, சளியைச் சோதித்து, நோயைக் கணக்கிட்டனர்.

1979-இல் முதல் முடிவு வெளிவந்தபோது மருத்துவ உலகம் திகைத்தது. பெரியவர்களின் நுரையீரற் காசநோயைத் தடுப்பதில் அம்மருந்து பயன் தரவில்லை! 1999-இல் வெளியான பதினைந்தாண்டுக் கணக்கும் அதனையே உறுதிப்படுத்திற்று. குழந்தைகளிடம் மட்டும் 27 விழுக்காடு என்னும் சிறு காப்புத் தென்பட்டது, அதுவும் ஐயத்திற்கு இடமானது. வெப்ப நாடுகளின் மண்ணிலும் நீரிலும் வாழும் காசநோய்க் கிருமியின் உறவுக் கிருமிகள் முன்னரே உடலைப் பழக்கிவிடுவதால் ஊசியின் பயன் தெரியாமற் போகிறது என்பது கூறப்பட்ட விளக்கங்களுள் ஒன்று. தாங்கள் பரப்பிய மருந்துக்கு எதிரான முடிவை மறைக்காமல் அச்சிட்டுக் காட்டிய ஆய்வாளர்களை நாம் பாராட்டவே வேண்டும். கணக்குக் காட்டுதல் என்பது அதுவன்றோ.

அப்படியாயின் அந்த ஊசி ஏன் இன்றும் போடப்படுகிறது? இதனை நம் தாய்மார்கள் கேட்பது இயல்பு. சிசுக்களையும் சிறு குழந்தைகளையும் கொல்லும் மூளை உறைக் காசநோயையும், உடலெங்கும் பரவும் காசநோயையும் தடுப்பதில் பி.சி.ஜி. நற்பயன் தருவதை வேறு பல ஆய்வுகள் காட்டின. ஆகவே பிறந்தவுடன் போடுவது நிலைத்தது. பெரியவர்களை அது காக்கும் என்ற பழைய நம்பிக்கை தளர்ந்தது. ஊசியே வீண் என்று முழங்கியோரும், ஊசி போட்டால் போதும் என்று முழங்கியோரும் செங்கற்பட்டுக் கணக்கை முழுமையாகப் படிக்கவில்லை.

நம் சமுதாயத்தைப் பற்றியும் ஒரு சொல். ஹஜ் பயணம் புறப்படுவோர் மூளைக்காய்ச்சல் தடுப்பூசிக்கு மறுபேச்சின்றிக் கை நீட்டுகின்றனர். மருத்துவம் செய்துகொள்ளுமாறு நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் பணித்ததை அப்போது நினைவுகூர்கின்றனர். அதே வீட்டுப் பெரியவர் பேரனுக்கு ஊசி என்றதும் வதந்திக்குச் செவி சாய்ப்பது ஏன்? இளம்பிள்ளை வாதச் சொட்டு மருந்து மலடாக்கும் என்ற புரளி வட இந்தியாவில் நம்மவரிடையே பரவியபோது, உலமாப் பெருமக்களே முன்வந்து அதனை மறுத்தனர். 2011 ஜனவரிக்குப்பின் இந்நாட்டில் அந்நோய் எந்தக் குழந்தையையும் முடக்கவில்லை என்று அறிந்து, 2014 மார்ச்சில் நாடு அந்நோயற்றதாக அறிவிக்கப்பட்டது. 2017 பிப்ரவரியில் தமிழகப் பள்ளிகளில் தட்டம்மை-ருபெல்லா ஊசி தொடங்கியபோதோ, கைப்பேசி வழியே பரவிய செய்திகளால் எல்லாச் சமயப் பெற்றோரும் அஞ்சிப் பின்வாங்கினர்.

அந்த அச்சத்தை வெறும் அறியாமை என்று தள்ளிவிடலாகாது. 2008 ஏப்ரலில், ஆய்வு நடந்த அதே திருவள்ளூர் மாவட்டத்தில், தட்டம்மைத் தடுப்பூசி போடப்பட்ட நான்கு குழந்தைகள் உயிரிழந்தன. அக்குழந்தைகளைப் பெற்றவர்களிடம் புள்ளிவிவரம் பேசுவது எளிதன்று. அதன்பின் அரசு, ஊர்தோறும் சென்று ஊசி போடுவதை நிறுத்தி, மருத்துவர் உள்ள ஆரம்ப சுகாதார நிலையங்களில் மட்டும் போடச் செய்தது. எச்சரிக்கை நியாயமானதே. ஆயினும் வயலில் நாற்று நடும் தாய், ஒரு நாட்கூலியை இழந்து, கைக்குழந்தையுடன் பேருந்து ஏறி நிலையத்திற்குச் செல்ல வேண்டியதாயிற்று. தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழகத்தில் எல்லா ஊசிகளும் முழுமையாகப் போடப்பட்ட குழந்தைகள் 2005-06-இல் 80.9 விழுக்காடு, 2015-16-இல் 69.7 ஆகச் சரிந்தது. தொலைவு அச்சரிவுக்கு ஒரு காரணம் என்றே நாம் கருதுகிறோம். 2019-21 ஆய்வில் அவ்வெண் 89.2 ஆக உயர்ந்துள்ளது.