செஞ்சி கொடுத்த அவகாசம்

புனேயில் குடியேறிய புதிதில் பக்கத்து வீட்டு மராட்டியப் பெரியவர், "உங்கள் ஜிஞ்சிக் கோட்டையைப் பார்த்திருக்கிறீர்களா?" என்று கேட்டார். திண்டிவனம் வழியாகப் பலமுறை போயும் நான் பார்த்ததில்லை. வெட்கமாகப் போய்விட்டது.

1689-ல் ஔரங்கசீப் சம்பாஜியைக் கொன்றதும், தம்பி ராஜாராம் தப்பிச் செஞ்சிக்கு வந்தார். மறுவருடமே ஜுல்பிகார் கான் முற்றுகையிட்டார். ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி மூன்றையும் இணைத்த மதிலை முழுவதும் வளைக்க அவரது சேனை போதவில்லை. 1692 இறுதியில் சாந்தாஜியும் தனாஜியும் வந்து தாக்க, வளைத்தவர்களே வளைக்கப்பட்டார்கள். கான் வந்தவாசிக்குப் பின்வாங்கினார். பிறகு திரும்பி வந்து, 1698-ல் கோட்டையைப் பிடித்தபோது ராஜாராம் உள்ளே இல்லை!

கோட்டை போயிற்று, ராஜ்யம் பிழைத்தது. அந்த எட்டு வருட அவகாசத்தில் மராட்டியர் இங்கே மறுபடி காலூன்றிவிட்டனர்.

பின்னொரு விடுமுறையில் ராஜகிரி ஏறிவிட்டு வந்து பெரியவரிடம் சொன்னேன். ஊருக்குப் போகும் அன்பர்களே, செஞ்சிக்கும் ஒருநாள் ஒதுக்குங்கள்.