வார்டில் கற்பிப்பவர் யார்? பி.எஸ்சி. நர்சிங் பயிற்சியில் பிரிந்து கிடக்கும் பொறுப்பு

இந்திய நர்சிங் கவுன்சில் 2021இல் அரசிதழில் வெளியிட்ட விதிமுறைகள், பி.எஸ்சி. நர்சிங் படிப்பை எட்டுப் பருவங்களாகப் பிரித்துக் கிரெடிட் முறைக்குக் கொண்டுவந்தன. ஒரு கிரெடிட்டுக்கு வகுப்பறையில் 20 மணி நேரம் போதும். செய்முறைக் கூடத்தில் 40 மணி நேரம் வேண்டும். நோயாளியின் அருகில் என்றால் 80 மணி நேரம். முதல் பருவத்து அடிப்படைச் செவிலியப் பாடத்தில் 120 மணி நேர வகுப்புக்கு 6 கிரெடிட்; 160 மணி நேர வார்டு பயிற்சிக்கு வெறும் 2.

இது பயிற்சியைத் தாழ்த்தும் கணக்கு என்று குறைப்படுவோர் உண்டு. அந்தக் குறையில் எனக்கு முழு உடன்பாடில்லை. செய்முறை நேரத்துக்குக் குறைந்த மதிப்பளிப்பது பல பல்கலைக்கழகப் படிப்புகளிலும் உள்ள வழக்கம்தான். வார்டில் கழியும் ஒரு மணி நேரத்தில் காத்திருப்பும் அலைச்சலும் கணிசம். ஆனால் அந்த விகிதம் தன்னையறியாமல் ஓர் உண்மையை ஒப்புக்கொள்கிறது: வார்டு நேரத்தில் கற்பித்தலின் அடர்த்தி குறைவு. ஏன் குறைவு என்பதுதான் கேட்கப்பட வேண்டிய கேள்வி. நேரப் பற்றாக்குறை அதற்குக் காரணமாக முடியாது. நேரம் தாராளமாகவே ஒதுக்கப்பட்டிருக்கிறது. மாணவிக்குப் பொறுப்பானவரும் நோயாளிக்குப் பொறுப்பானவரும் வெவ்வேறு ஆட்களாக இருப்பதே காரணம் என்பது இக்கட்டுரையின் வாதம்.

இந்தப் பிரிவினை ஒரு நல்ல நோக்கத்தில் பிறந்தது. 1860இல் லண்டன் செயின்ட் தாமஸ் மருத்துவமனையில் நைட்டிங்கேல் நிதியால் தொடங்கப்பட்ட பள்ளியும், அதன் வழியில் உலகெங்கும் எழுந்த பள்ளிகளும், வேலை செய்தபடியே கற்கும் முறையைக் கைக்கொண்டன. நாளடைவில் மாணவியர் மருத்துவமனைகளின் மலிவான உழைப்பாளர்களாயினர். அமெரிக்காவில் 1923இல் வெளிவந்த கோல்ட்மார்க் அறிக்கை இதைக் கண்டித்தது; செவிலியர் கல்வி மருத்துவமனையின் ஆள்தேவைக்கு அடிமையாக இருக்கக் கூடாது என்றது. அதே ஆண்டில் யேல் பல்கலைக்கழகம் தனக்கென டீனும் ஆசிரியர்களும் நிதியும் கொண்ட நர்சிங் பள்ளியைத் தொடங்கியது. பிரிட்டன் அந்த இடத்துக்கு வர இன்னும் அறுபது ஆண்டுகளுக்கு மேலாயிற்று. 1986இல் முன்மொழியப்பட்ட ‘புராஜெக்ட் 2000’ திட்டம்தான் மாணவியரை வார்டின் ஆள்கணக்கிலிருந்து வெளியே எடுத்தது.

மாணவி விடுபட்டாள்; கூடவே ஆசிரியரும் வார்டை விட்டு வெளியேறினார். இந்த இரண்டாவது விளைவை அந்தச் சீர்திருத்தக்காரர்கள் போதுமான அளவு எண்ணிப் பார்க்கவில்லை.

நம் ஊர் வார்டுகளில் இதன் உருவம் எல்லோருக்கும் பழக்கமானது. விதிப்படி பத்து மாணவியருக்கு ஓர் ஆசிரியர். காலையில் ட்யூட்டர் தம் பிள்ளைகளை அழைத்துவந்து ஆளுக்கொரு படுக்கையைக் காட்டிவிட்டு நகர்வார். படுக்கை விரிப்பு, நாடித்துடிப்பு, ரத்த அழுத்தம், கேர் பிளான், மருந்துப் பதிவேடு எனக் காலைப்பொழுது ஓடும். வார்டு சிஸ்டருக்கு இந்தப் பத்துப் பேரும் விருந்தாளிகள். சில நாள் உதவி, பல நாள் இடைஞ்சல். ட்யூட்டரோ அந்த வார்டில் அதிகாரமற்றவர். ஒரு நோயாளிக்கு மருந்து தரும் நேரத்தை மாற்றச் சொல்லவோ, படுக்கைப் புண்ணுக்கான கவனிப்பு தவறாக நடந்தால் திருத்தவோ அவருக்கு உரிமையில்லை. ஊசி போடும் முறையைக் கல்லூரியில் படிப்படியாகக் கற்ற மாணவி, நாற்பது நோயாளிக்கு இரண்டு செவிலியர் உள்ள வார்டில் அதன் சுருக்கிய வடிவத்தைப் பார்க்கிறாள். தேர்வுக்கு ஒன்று, டியூட்டிக்கு ஒன்று என இரண்டு முறைகள் அவளுக்குள் படிகின்றன. எந்தச் சுருக்கம் அனுபவத்தின் விவேகம், எது அலட்சியம் என்று பிரித்துச் சொல்லத்தக்கவர் சிஸ்டர்; அவர் ஆசிரியரல்லர். கற்பிக்கக் கடமைப்பட்டவர் ட்யூட்டர். அவர் அந்தச் சுருக்கத்தைப் பார்க்காதது போலிருப்பார்.

மர்லீன் கிரேமர் 1974இல் ‘ரியாலிட்டி ஷாக்’ என்ற நூலில் புதுச் செவிலியரின் அதிர்ச்சியை விவரித்தபோது இந்தப் பிளவைத்தான் தொட்டார். பத்தாண்டு கழித்து பாட்ரிசியா பென்னர், செவிலியரின் தேர்ச்சி ஐந்து படிகளில் வளர்வதாகவும், குறிப்பிட்ட சூழல்களில் மீண்டும் மீண்டும் முடிவெடுத்தே அது கைவருவதாகவும் எழுதினார். பென்னரை நம் கல்லூரிகள் விடைத்தாளில் எழுத வைக்கின்றன. பயிற்சியை அவர் சொன்னபடி அமைப்பதில்லை.

பிரசவ அறையில் இந்தச் சிக்கல் மிகக் கூர்மையாகத் தெரிகிறது. பழைய பாடத்திட்டம் ஒவ்வொரு மாணவியும் 20 இயல்பான பிரசவங்களை நடத்தியிருக்க வேண்டும் என்றது. 60 பேர் கொண்ட வகுப்பென்றால் 1,200 பிரசவங்கள். கல்லூரிக்கு விதி கேட்பதோ 100 படுக்கைகள் கொண்ட சொந்த மருத்துவமனை. அதிலும் பேறுகாலப் பிரிவு ஒரு பகுதிதான். இதற்கிடையே தமிழ்நாட்டின் மக்கள்தொகை வேறு திசையில் போய்விட்டது. 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி மாநிலத்தின் கருவள விகிதம் 1.8. அறுவைச் சிகிச்சை வழியான பிரசவங்கள் 2015–16இல் 34.1 சதவீதமாக இருந்து 44.9 சதவீதமாக உயர்ந்தன. தனியார் மருத்துவமனைகளில் 63.8 சதவீதம். ஆக, தனியார் கல்லூரி மாணவி தன் சொந்த மருத்துவமனையில் இயல்பான பிரசவத்தைக் காண்பதே அரிது. அவளும் அவளைப் போன்ற பலரும் அரசு மகப்பேறு மருத்துவமனைகளுக்குச் செல்கின்றனர். அங்கே மருத்துவ மாணவர்கள் முன்பே நிற்கிறார்கள். எண்ணிக்கை எட்டாதபோது பதிவேடு எப்படி நிரம்புகிறது என்பதைப் பிரசவ வார்டில் பணியாற்றிய எவரும் சொல்வார்.

எண்ணிக்கையைக் குறைத்தால் நேர்மை கூடும் என்பது சரி. ஆனால் அதைவிட ஆழமான கேள்வி, எதை எண்ணுகிறோம் என்பது. வலி தொடங்கி வந்த ஒரு தாயோடு சேர்க்கையிலிருந்து முதல் தாய்ப்பால் வரை இருந்து, பிரசவ முன்னேற்றத்தைப் பதியும் பார்ட்டோகிராஃபில் கோடு எப்போது விலகுகிறது, எப்போது மருத்துவரைக் கூப்பிட வேண்டும் என்பதைப் பொறுப்புள்ள ஒருவரோடு நின்று முடிவெடுத்த மாணவி, தலை தெரியும் நேரத்தில் ஓடிவந்து பத்துக் குழந்தைகளை ஏந்தியவளைவிட மகப்பேறு உதவியை நன்றாக அறிந்திருப்பாள். அப்படிப்பட்ட பயிற்சி நடக்க, இரவு இரண்டு மணிக்கும் அங்கிருப்பவர் கற்பிப்பவராக இருக்க வேண்டும். கல்லூரிப் பேருந்தில் நான்கு மணிக்குத் திரும்பும் ட்யூட்டரால் அது ஆகாது.

செயற்கைப் பொம்மைகளும் உருவகப் பயிற்சிக் கூடங்களும் இந்தக் குறையை நிரப்பும் என்பது இன்றைய நம்பிக்கை. அமெரிக்க மாநில நர்சிங் வாரியங்களின் தேசியக் கவுன்சில் 2014இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு அடிக்கடி சான்றாகக் காட்டப்படுகிறது. பத்துக் கல்வி நிறுவனங்களில் நடந்த அந்த ஆய்வில், மருத்துவமனைப் பயிற்சியில் பாதிவரை உருவகப் பயிற்சியால் ஈடுசெய்தபோதும் உரிமத் தேர்வு முடிவுகளில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. ஆய்வின் நிபந்தனைகளையும் சேர்த்துப் படிக்க வேண்டும்: பயிற்றுநர்கள் அதற்கெனத் தயார்செய்யப்பட்டவர்கள், ஒவ்வொரு பயிற்சிக்குப் பிறகும் முறையான உரையாடல் நடந்தது. மாணவி செய்ததை உடனிருந்து பார்த்தவரே உடனடியாக அவளிடம் அதைப் பற்றிப் பேசினார். வெற்றியின் காரணம் பொம்மையில் உள்ளதாக எனக்குத் தோன்றவில்லை. அந்த உரையாடல் வார்டில் கிடைத்தால் வார்டும் அதே பலனைத் தரும்.

மாற்று முறைக்கு வெளிநாடு போக வேண்டியதில்லை. ஐடா ஸ்கடர் வேலூரில் நிறுவிய மருத்துவமனையில் 1909இல் தொடங்கிய செவிலியர் பள்ளி, 1946இல் சென்னைப் பல்கலைக்கழக இணைப்பில் பட்டப்படிப்புக் கல்லூரியானது. டெல்லியிலும் அதே ஆண்டில் பட்டப்படிப்பு தொடங்கியது. வேலூர்க் கல்லூரியின் அடையாளம், கல்வியும் சேவையும் இணைந்த நிர்வாகம்: கல்லூரி ஆசிரியர்களுக்கு மருத்துவமனையின் செவிலியப் பணியிலும் பொறுப்பு உண்டு. வகுப்பில் படுக்கைப் புண் தடுப்பைப் போதிப்பவருக்கு வார்டில் அது நடக்கிறதா என்று கேட்கும் உரிமையும் கடமையும் சேர்ந்தே வருகின்றன.

இதற்கு எதிரான வாதங்கள் வலுவானவை. நோயாளியின் அவசரம் எப்போதும் பாடத்தை வென்றுவிடும். இரட்டைப் பொறுப்பு ஆசிரியரைக் கசக்கிப் பிழியும். கோல்ட்மார்க் கண்டித்த நிலை பின்வாசல் வழியாகத் திரும்பக்கூடும். பெரிய அறக்கட்டளை மருத்துவமனைக்குச் சாத்தியமானது நூறு படுக்கைக் கல்லூரிக்கு ஆகாது. கோல்ட்மார்க் அச்சத்துக்கு விடை, மாணவியை ஆள்கணக்கில் சேர்க்காத விதியை அப்படியே வைத்துக்கொள்வது. இணைய வேண்டியது ஆசிரியரின் பொறுப்புகள், மாணவியின் உழைப்பு அல்ல. மற்றவற்றுக்கு என்னிடம் முழு விடை இல்லை. ஆனால் தொடங்குவதற்கு ஓரிடம் தெரிகிறது.

புதிய திட்டத்தின் எட்டாம் பருவம் 22 வார இன்டர்ன்ஷிப். வாரம் 48 மணி நேரம். ஷிப்டு முறையில் நடக்கும் அந்தக் காலத்தில் ட்யூட்டர் எல்லா நேரமும் உடனிருக்க முடியாது. நடைமுறையில் கற்பிப்பவர் வார்டு சிஸ்டர்தான். அவரை அந்த 22 வாரங்களுக்காவது முறைப்படி பயிற்றுநராக நியமித்து, மதிப்பெண்ணில் கையெழுத்திடும் உரிமையைக் கொடுக்கலாம். 2023இல் இயற்றப்பட்ட தேசியச் செவிலியர், மகப்பேறு உதவியாளர் ஆணையச் சட்டம் கல்லூரிகளை மதிப்பிடத் தனி வாரியத்துக்கு வழிசெய்கிறது. ஆய்வுக்கு வருவோர் படுக்கைகளையும் நூலகப் புத்தகங்களையும் எண்ணுவதோடு, ஒவ்வொரு வார்டுக்கும் அந்தப் பயிற்றுநரின் பெயரையும் கேட்கட்டும். சிஸ்டரின் நேரத்துக்குப் பணம் எங்கே என்று கேட்கப்படும். பயிற்சிக்காக வெளி மருத்துவமனைகளுக்குத் தனியார் கல்லூரிகள் மாணவி ஒருவருக்கு இவ்வளவு என்று கட்டும் கட்டணம் இப்போது மருத்துவமனையின் பொதுக்கணக்கில் கரைகிறது. அதில் ஒரு பங்கை அந்தந்த வார்டுக்கே ஒதுக்கினால், சிஸ்டர் கற்பிக்கும் நேரத்தில் அவருடைய நோயாளிகளைப் பார்த்துக்கொள்ள இன்னொரு செவிலியரை நியமிக்க முடியும்.