வாரச் சம்பளத்தில் மதுரைக்கு ஒரு "ஜோடி டூர்"! கறி தோசை முதல் மல்லிகைப்பூ வரை 3,500 ரூபாயில் முழு கணக்கு

திருப்பூர்:

சனிக்கிழமை ராத்திரி சம்பளம். ஞாயிற்றுக்கிழமை காலையில் கறிக்கடை கியூ, மதியம் ஒரு வாரத் துணி துவைக்கிறது, சாயங்காலம் மளிகைக்கடை. திங்கட்கிழமை காலை 8.30-க்கு மறுபடியும் கம்பெனி. பனியன் நகரமான திருப்பூரில் பல ஜோடிகளின் வாழ்க்கை இப்படித்தான் ஓடுகிறது.

புருஷன் பவர்டேபிள் டெய்லர், பொண்டாட்டி செக்கிங். ரெண்டு பேருக்கும் ஒன்றரை ஷிப்ட். சில வீடுகளில் ஒருத்தர் பகல் ஷிப்ட் முடிச்சு வரும்போது இன்னொருத்தர் ஸ்பின்னிங் மில்லுக்கு நைட் ஷிப்ட் கிளம்பிடுவார். லைன் வீட்டில் ஒரே ரூம். அதில் மாமனார், மாமியார், குழந்தைகள். "ஏனுங்க, ஒரு நாளைக்காவது எங்காச்சும் போலாமுங்களா?" என்று கேட்டால், "தீபாவளிக்குப் பாத்துக்கலாம்" என்பதுதான் பதில்.

ஊட்டி, கொடைக்கானல் என்றால் செலவு எகிறும். ஆனால் ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமையில், லீவு போடாமல், வயிறார சாப்பிட்டு, மனசார பேசிவிட்டு வர ஒரு ஊர் இருக்கிறது. அதுதான் மதுரை. 2 பேருக்கு 3,500 ரூபாய் போதும். அது எப்படி என்று பார்ப்போம்.

ஏன் மதுரை?

"உங்க வீட்டுல மதுரையா, சிதம்பரமா?" என்று பெரியவங்க கிண்டலா கேட்பாங்க. மதுரை என்றால் பொண்டாட்டி ராஜ்யம் என்று அர்த்தம். அடுப்படியில் நின்னு எல்லாருக்கும் போட்டுட்டு, கடைசியில் ஆறிப்போனதை சாப்பிடுகிற பொண்டாட்டிக்கு, சுடச்சுட முதல் வாய் கிடைக்கிற நாள் வருஷத்தில் எத்தனை? இந்த ஒரு நாளைக்கு அடுப்புக்கும் லீவு. என்ன சாப்பிடுவது என்று அவங்களே முடிவு பண்ணட்டும்.

இன்னொரு காரணம், மதுரை தூங்கா நகரம். நடுராத்திரி இறங்கினாலும் டீக்கடை திறந்திருக்கும், ஆள் நடமாட்டம் இருக்கும். ராத்திரி பஸ்சில் வருகிறவங்களுக்கு இது பெரிய வசதி.

எப்படி போவது?

திருப்பூரில் இருந்து மதுரை சுமார் 180 கிலோ மீட்டர். தென்மாவட்ட பஸ்கள் தாராபுரம் ரோடு கோவில்வழியில் இருந்து கிளம்புகின்றன. தாராபுரம், ஒட்டன்சத்திரம், திண்டுக்கல் வழியாக 5 மணி நேரம் என்று வைத்துக் கொள்ளுங்க. சனிக்கிழமை ராத்திரி 10 மணிக்கு மேல் ஏறினால் விடியற்காலை மதுரை ஆரப்பாளையம் பஸ் நிலையத்தில் இறங்கலாம். பஸ்சிலேயே தூக்கம் முடிந்துவிடும்.

சனிக்கிழமை ராத்திரி சொந்த ஊருக்குப் போகிற கூட்டம் அதிகம். அதனால் நடுவழியில் கை காட்டி ஏற வேண்டாம். கோவில்வழிக்கே போய் சீட் பிடித்து உட்காருங்க. தீபாவளி, பொங்கல், தொடர் விடுமுறை வாரங்களில் இந்த டூர் வேண்டவே வேண்டாம்.

அரசு பஸ் கட்டணம் 2018 ஜனவரியில் மாற்றி அமைக்கப்பட்டது. எக்ஸ்பிரசுக்கும் சொகுசு பஸ்சுக்கும் கட்டணம் வேறு வேறு. போர்டைப் பார்த்து ஏறுங்க. ஒரு ஆளுக்கு ஒரு வழிக்கு 200 ரூபாய் ஒதுக்கினால் போதும்.

ரெயிலில் போகணும் என்றால் கோவை-நாகர்கோவில் ரெயில்கள் திருப்பூர், ஈரோடு, கரூர், திண்டுக்கல் வழியாக மதுரை போகின்றன. சுற்று வழிதான், ஆனால் காசு மிச்சம். நேரத்தை ஸ்டேஷனில் கேட்டுக்கொள்ளுங்க.

லாட்ஜில் கேட்க வேண்டிய 3 கேள்வி

மதுரை ரெயில் நிலையத்துக்கு எதிரே டவுன்ஹால் ரோடு, மேலப்பெருமாள் மேஸ்திரி வீதி பகுதியில் சின்ன பட்ஜெட் லாட்ஜ்கள் நிறைய இருக்கு. அங்கிருந்து மீனாட்சி அம்மன் கோவிலுக்கு நடந்தே போகலாம். ஏ.சி. இல்லாத டபுள் ரூமுக்கு 1,000 ரூபாய் ஒதுக்குங்க.

முதல் கேள்வி: 24 மணி நேர கணக்கா, மதியம் 12 மணி கணக்கா? 24 மணி நேர லாட்ஜ் என்றால் காலை 4 மணிக்கு எடுத்தாலும் ராத்திரி கிளம்புகிற வரை ஒரே வாடகை. 12 மணி கணக்கு என்றால் 2 நாள் வாடகை கேட்பாங்க. இந்த டூரே இந்த ஒரு கேள்வியில்தான் நிற்கிறது. போனில் கேட்டு உறுதி பண்ணிட்டுப் போங்க.

ரெண்டாவது: ஜி.எஸ்.டி. சேர்த்தா, சேர்க்காமலா? 2025 செப்டம்பர் 22-ல் இருந்து 7,500 ரூபாய் வரைக்கும் உள்ள ரூமுக்கு வரி 5 சதவீதம்தான்.

மூணாவது: அட்வான்ஸ் எவ்வளவு, திருப்பித் தருவாங்களா? ரசீது கேட்டு வாங்குங்க.

பஸ் நிலையத்தில் "நல்ல லாட்ஜ் காட்டறேன்" என்று கூட்டிட்டுப் போனால், கமிஷனும் உங்க வாடகையிலேதான் ஏறும்.

ரெண்டு பேரும் ஆதார் ஒரிஜினல் எடுத்துட்டுப் போங்க. 18 வயது நிரம்பிய, கல்யாணம் ஆகாத ஜோடி ஒரே ரூமில் தங்குவதைத் தடுக்க சட்டம் எதுவும் இல்லை என்று 2019 டிசம்பரில் கோவை விடுதி வழக்கு ஒன்றில் சென்னை ஐகோர்ட்டு கூறியுள்ளது. ஆனாலும் சில லாட்ஜ்களில் ரூம் தர மாட்டாங்க. அதையும் முன்கூட்டியே கேட்டுக்கறது நல்லது.

காலை: இட்லியும் கோவிலும்

குளிச்சு ரெடியாகி 8.30 மணிக்கு டிபன். மதுரை இட்லிக்குத் தனி மவுசு. சென்னை, சிங்கப்பூர் வரை கிளை பரப்பிய முருகன் இட்லிக் கடை பிறந்த ஊர் இதுதான். சின்னக் கடைகளிலும் இட்லிக்கு 2, 3 வகை சட்னி வரும். முதல் டிபனிலேயே வயிற்றை நிரப்பிடாதீங்க. ஆளுக்கு 4 இட்லி, நடுவில் ஒரு வடை. அதோட நிறுத்துங்க.

மீனாட்சி அம்மன் கோவில் மதியம் 12.30 மணிக்கு நடை சாத்திடுவாங்க. 10 மணிக்குள்ள உள்ளே போயிடணும். 2018 பிப்ரவரி தீ விபத்துக்குப் பிறகு செல்போன் கொண்டு போக அனுமதி இல்லை. வெளியே லாக்கரில் கொடுத்துட்டுப் போகணும். அதுவும் நல்லதுக்குத்தான். போன் இல்லாமல் ரெண்டு பேரும் பொற்றாமரைக் குளத்துப் படியில் அரை மணி நேரம் உட்கார்ந்து பேசலாம்.

முற்பகல்: ஜிகர்தண்டா

கோவிலில் இருந்து நடக்கிற தூரத்தில் விளக்குத்தூண். அதை ஒட்டி கீழமாரட் வீதியில் ஜிகர்தண்டா கடைகள். ஜிகர் என்றால் ஈரல், தண்டா என்றால் குளிர்ச்சி. சுண்டக் காய்ச்சிய பால், ஊற வைத்த பாதாம் பிசின், நன்னாரி சர்பத், மேலே ஐஸ்கிரீம். இவ்வளவுதான் விஷயம். இந்தப் பேரிலேயே 2014-ல் சினிமாவும் வந்தது. பெரிய கிளாசாக ஒன்று வாங்கி ரெண்டு ஸ்பூன் கேளுங்க. காசும் மிச்சம், ஜோடிக்கும் பொருத்தம்.

மதியம்: மெஸ் சாப்பாடு

மதுரை மெஸ்களில் இலை போட்டு சாப்பாடு வைத்தால் கறிக்குழம்பு, மீன் குழம்பு என்று குழம்பு வகைகள் சாப்பாட்டோடவே வரும். பர்சைப் பதம் பார்ப்பது சைடு டிஷ்தான். மட்டன் சுக்கா, குடல், ஈரல், நண்டு, கோலா உருண்டை என்று ஒரு பெரிய தட்டில் அடுக்கிக் கொண்டு வந்து கண்ணு முன்னாடி காட்டுவாங்க. அந்த வாசனையில் கை தானாக நீளும். நீட்டுறதுக்கு முன்னாடி ஒவ்வொன்னுக்கும் விலையைக் கேளுங்க. வெட்கப்பட ஒன்றும் இல்லை.

2 சாப்பாடு, பொதுவா ஒரு சைடு டிஷ். இதுதான் கணக்கு. அயிரை மீன் குழம்பு மதுரைப் பக்கத்து ஸ்பெஷல், ஆனால் விலை கூட. அதை சாப்பிடணும் என்றால் சைடு டிஷ்சை விட்டுடுங்க. ரெண்டும் சேர்ந்தால் 500 ரூபாய்க்குள் அடங்காது.

சாப்பிட்டு நேரா ரூமுக்குப் போங்க. 2 மணியில் இருந்து 5 மணி வரை எந்தக் கோவிலும் இல்லை, எந்தக் கடையும் இல்லை. கதவைச் சாத்திட்டு ரெண்டு பேரும் இருக்கிற இந்த 3 மணி நேரத்துக்குத்தான் லாட்ஜ் வாடகையே கொடுக்கறீங்க.

சாயங்காலம்: பருத்திப் பால்

காலம் பூரா பஞ்சோட மல்லுக்கட்டுற திருப்பூர்க்காரங்க மதுரையில் கட்டாயம் ருசிக்க வேண்டியது பருத்திப் பால். பஞ்சைப் பிரித்த பிறகு மிஞ்சுகிற பருத்திக் கொட்டையை ராத்திரி ஊற வைத்து, காலையில் ஆட்டி, பாலைப் பிழிந்து எடுப்பாங்க. கொஞ்சம் அரிசி மாவு, கருப்பட்டி, சுக்கு, ஏலக்காய், தேங்காய்ப்பூ சேர்த்துக் காய்ச்சினால் கூழ் மாதிரி கெட்டியா வரும். தள்ளுவண்டியிலேயே கிடைக்கும். நம்ம ஊரில் நூலாகிற செடிதான் அங்கே டம்ளரில் வருது.

அப்புறம் வண்டியூர் மாரியம்மன் தெப்பக்குளம். 1645-ல் திருமலை நாயக்கர் காலத்தில் வெட்டியது. சாயங்காலம் காற்று வாங்கவும், கரையில் உட்கார்ந்து சுண்டல், பஜ்ஜி கொறிக்கவும் ஊரே கூடும். கோவில் பக்கத்தில் இருந்து டவுன் பஸ் இருக்கு. 2021-ல் தொடங்கிய மகளிர் இலவசப் பயணத் திட்டம் சாதாரண டவுன் பஸ்சுக்குத்தான். திருப்பூர்-மதுரை பஸ்சில் டிக்கெட் எடுத்தே ஆகணும்.

ராத்திரி: கறி தோசை, அல்வா, பூ

மதுரை வந்துட்டு கறி தோசை சாப்பிடாமல் திரும்பக்கூடாது. சிம்மக்கல் கோனார் மெஸ் இதற்குப் பேர் போனது. தடிமனா தோசை ஊற்றி, மேலே முட்டை உடைத்து, அதுக்கு மேலே வெந்த கொத்துக்கறி மசாலாவைப் பரப்பித் திருப்பிப் போடுவாங்க. ஒன்று 2 பேருக்குத் தாராளம். கூட ரெண்டு பரோட்டா வாங்கினால் விருந்து முடிஞ்சுது.

கடைசியா அல்வாவும் மல்லிகைப்பூவும். புருஷன் பொண்டாட்டிக்கு வாங்கிட்டு வர்றதுன்னா இந்த ரெண்டையும்தானே தமிழ்நாட்டில் சொல்வாங்க? மதுரை மல்லிக்கு 2013-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. கோடையில் வரத்து அதிகம், விலை குறைவு. மார்கழி, தை மாதத்தில் பனியில் பூ வரத்து குறைந்து கிலோ ஆயிரக்கணக்கில் போகும். அப்போ ரெண்டு முழத்துக்குப் பதிலா ஒரு முழம். அல்வாவில் கால் கிலோ வீட்டுக்கும் கட்டுங்க. குழந்தைகளைப் பார்த்துக்கிட்ட மாமியாருக்கு அது கட்டாயம்!

செலவு கணக்கு (2 பேருக்கு)

பஸ், போக வர: 800 ரூபாய்
லாட்ஜ்: 1,000
டவுன் பஸ், ஷேர் ஆட்டோ: 200
காலை டிபன்: 150
ஜிகர்தண்டா, பருத்திப் பால், டீ: 150
மதிய சாப்பாடு: 500
கறி தோசை, பரோட்டா: 350
அல்வா, பூ: 200
லாக்கர், சில்லறைச் செலவு: 150
மொத்தம்: 3,500 ரூபாய்

சைவ ஜோடி என்றால் மதியத்திலும் ராத்திரியிலும் 400 ரூபாய் வரை மிச்சமாகும்.

கவனம் தேவை

ராத்திரி 8 மணிக்கு ஆரப்பாளையத்தில் பஸ் ஏறிடுங்க. 1 மணிக்கு வீடு. அதுக்கு மேல் தாமதமானால் தூக்கம் கெடும். தூக்கக் கலக்கத்தோடு கட்டிங் மெஷினிலோ, ஓவர்லாக்கிலோ உட்கார்ந்தால் விரல் போயிடும். முடியாது என்று தோணினால் திங்கட்கிழமை முதல் பாதி வரமாட்டோம் என்று சனிக்கிழமையே சூப்பர்வைசரிடம் சொல்லிடுங்க.

திங்கட்கிழமையும் லீவு கிடைக்கிற ஜோடிக்கு ஒரு யோசனை. ஞாயிறு ராத்திரி 9 மணி வாக்கில் மீனாட்சி அம்மன் கோவிலில் பள்ளியறை பூஜை. சொக்கநாதரின் பாதுகையைப் பல்லக்கில் வைத்து, மேளதாளத்தோடு அம்மன் பள்ளியறைக்குக் கொண்டு போவாங்க. தினமும் நடக்கிறது. ஜோடியா பார்க்க வேண்டிய காட்சி. ஆனால் ரூம் வாடகையும், 2 பேர் ஒரு நாள் சம்பளமும் கூடுதல் செலவு என்பதைக் கணக்கில் வையுங்க.

சித்திரைத் திருவிழா சமயத்தில் மதுரையில் ரூம் கிடைப்பது குதிரைக்கொம்பு. முகூர்த்த நாள்களையும் காலண்டரில் பார்த்துத் தவிர்த்திடுங்க.

எல்லாத்துக்கும் மேல, இதுக்காக வட்டிக்கு வாங்காதீங்க. 2025 ஆகஸ்டில் அமெரிக்கா 50 சதவீத வரி போட்டபோது ஆர்டர் குறைந்து திருப்பூர் எப்படித் தவித்தது என்று எல்லாருக்கும் தெரியும். ஒரு நாள் சந்தோஷத்துக்கு 10 வாரம் தண்டல் கட்டினால் அந்த சந்தோஷமே கசந்துடும். ஆளுக்கு வாரம் 250 ரூபாய். சனிக்கிழமை கவர் கைக்கு வந்ததும் எடுத்து அரிசி டப்பாவில் போடுங்க. 7 வாரத்தில் 3,500 சேர்ந்துடும். எட்டாவது சனிக்கிழமை ராத்திரி கோவில்வழியில் பஸ் ஏறலாம்.