தேன்மெழுகு முதல் நீலப் பெட்டி வரை: குளிர்காலக் களிம்பின் வரலாறு

குளிர்நாடுகளில் பனிக்காலம் தோலை வாட்டுவதற்குக் குளிரைவிட வறட்சியே பெரிய காரணம். உறைநிலையில், அதாவது 0 டிகிரி செல்சியஸில், ஒரு கனமீட்டர் காற்று ஏறத்தாழ 5 கிராம் நீராவியை மட்டுமே தாங்கும்; அதே காற்று வீட்டுக்குள் வந்து கணப்பின் சூட்டில் 20 டிகிரியை எட்டும்போது, அதன் கொள்ளளவு 17 கிராமாகப் பெருகிவிடுகிறது; ஆனால் அதில் புதிதாக நீர் ஏதும் சேராததால், அது அறையில் உள்ள மரச்சாமான்களிலிருந்தும் மனிதரின் தோலிலிருந்தும் ஈரத்தை உறிஞ்சத் தொடங்குகிறது. தோலின் மேற்பரப்பில் தாள்போல் மெல்லியதாக அமைந்த கொம்புப்படலம், உயிரற்ற உயிரணுக்களைச் செங்கற்களாகவும் அவற்றுக்கு இடையே உள்ள கொழுப்பைக் காரையாகவும் கொண்ட சுவர் என்று அறிவியலாளர் விளக்குவர்; காரை தேய்ந்தால் நீர் கசிகிறது, நீர் குறைந்தால் படலம் விறைத்து வெடிக்கிறது. இந்த விளக்கம் 20ஆம் நூற்றாண்டில்தான் உருவானது. அதற்கு ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்பே மருந்து மட்டும் கைக்கு வந்துவிட்டது என்பதும், அது பெரும்பாலும் வேறு தொழில்களின் கழிவிலிருந்து வந்தது என்பதுமே இந்த வரலாற்றின் சுவையான பகுதி.

கி.பி. 2ஆம் நூற்றாண்டில் பெர்கமோன் நகரில் பிறந்து ரோமில் புகழ்பெற்ற மருத்துவர் காலென், உருக்கிய தேன்மெழுகையும் ரோஜா இதழ் ஊறிய ஆலிவ் எண்ணெயையும் கலந்து, அந்தக் கலவை ஏற்கும் மட்டும் நீரைச் சிறிது சிறிதாக அடித்துச் சேர்க்கும் செய்முறையை எழுதி வைத்தார். எண்ணெயும் நீரும் நுண்துளிகளாக ஒன்றுக்குள் ஒன்று அடங்கி நிற்கும் இத்தகைய கலவை பால்மம் எனப்படும். காலெனின் பால்மம் உறுதியற்றது. தோலில் தடவிய உடனே பிரிந்து, அதிலிருந்த நீர் ஆவியாகி, தடவிய இடத்தைக் குளிர்வித்தது. இன்றும் கடைகளில் கோல்ட் கிரீம் என்று விற்கப்படுவதன் பெயரில் உள்ள குளிர்ச்சி அந்த ஆவியாதலைக் குறித்ததே தவிர, குளிர்காலத்தைக் குறித்ததன்று. காய்ச்சலையும் வீக்கத்தையும் தணிப்பதற்காக எழுந்த மருந்து, காலப்போக்கில் பனிக்கால வெடிப்புக்கு உரியதாக இடம் மாறிக்கொண்டது.

ரோமானியர் எல்லோரும் காலெனின் செய்முறையைப் பின்பற்றினர் என்று கருத இடமில்லை. 2003ஆம் ஆண்டு லண்டனின் சதக் பகுதியில் ரோமானியக் கோயில் வளாகம் ஒன்றைத் தோண்டியபோது, இறுக மூடிய சிறிய வெள்ளீயச் சிமிழ் ஒன்று கிடைத்தது. திறந்தபோது உள்ளே வெண்ணிறக் களிம்பு கெடாமல் இருந்தது என்பது மட்டுமல்லாமல், மூடியின் உட்புறத்தில் அதைக் கடைசியாக எடுத்தவரின் விரல் தடமும் பதிந்திருந்தது. பிரிஸ்டல் பல்கலைக்கழகத்தார் அதைப் பகுத்தாய்ந்து, விலங்குக் கொழுப்பும் மாவுச்சத்தும் முதன்மைப் பொருள்களாக, வெண்மைக்காக வெள்ளீய ஆக்சைடும் சேர்ந்தது என்று 2004இல் அறிவித்தனர். ஆலிவ் விளையாத, ஈரமும் குளிரும் மிகுந்த பிரிட்டனில் கைக்கு எட்டிய கொழுப்பைக் கொண்டே ஒருவர் களிம்பு செய்திருக்கிறார். அதை முகப்பூச்சாகக் கருதுவதே பொருந்தும் என்றாலும், கொழுப்பு தோலில் படிந்தபின் அது அழகுக்கா மருந்துக்கா என்று பார்த்து வேலை செய்வதில்லை.

அக்காலத்திலேயே இன்னொரு பொருளும் புழக்கத்தில் இருந்தது. செம்மறியாட்டின் தோலில் சுரந்து மயிரில் படியும் பிசுக்கை, கம்பளியை வெந்நீரில் அலசி, மேலே திரளும் நுரையை வழித்தெடுத்துத் தூய்மை செய்யும் முறையை ரோமானிய எழுத்தாளர் பிளினியும் கிரேக்க மருத்துவர் டயாஸ்கோரிடிஸும் விவரித்துள்ளனர். ஏதென்ஸிலிருந்து வந்த சரக்கே உயர்ந்தது என்ற பெயர் இருந்தும், அதன் நாற்றத்தைக் கவிஞர் ஓவிட் கேலி செய்யத் தவறவில்லை. அந்த நாற்றமே அப்பொருளைப் பல நூற்றாண்டுகள் ஒதுக்கி வைத்திருக்க வேண்டும். 19ஆம் நூற்றாண்டில் யார்க்ஷயரின் பிராட்ஃபோர்டு போன்ற கம்பளி நகரங்களில் ஆலைகள் பெருகி, அலசிய நீர் பிசுக்கோடு ஆறுகளில் கலந்து அவற்றைச் சாக்கடையாக்கியபோது, அது ஒரு சுகாதாரச் சிக்கலாகத்தான் பார்க்கப்பட்டது. 1882இல் பெர்லின் பேராசிரியர் ஆஸ்கர் லீப்ரைக், ஓட்டோ பிரவுன் என்பவருடன் சேர்ந்து அந்தப் பிசுக்கைத் தூய்மைப்படுத்தி லானோலின் என்ற பெயரில் மருந்தாக்கினார். சாதாரணக் கொழுப்பு நீரைத் தள்ளிவிடும். லானோலினோ தன் எடையைப்போல் ஏறத்தாழ இரு மடங்கு நீரைத் தன்னுள் இழுத்து வைத்துக்கொள்ளும். காலெனின் களிம்புக்கு இல்லாதிருந்த உறுதியை இந்தப் பண்பே பின்னாளில் தந்தது.

இடைப்பட்ட காலத்தின் மருந்துக்கடைக்காரர்கள் சும்மா இருக்கவில்லை. விரைவில் சிக்குவாடை அடிக்கும் ஆலிவ் எண்ணெய்க்கு மாற்றாக வாதுமை எண்ணெயைச் சேர்த்தனர். எண்ணெய்த் திமிங்கலத்தின் தலையிலிருந்து எடுக்கப்படும் வெண்மெழுகைக் கலந்து களிம்பை வெண்ணெய்போல் மிருதுவாக்கினர். தேன்மெழுகில் உள்ள அமிலத்தோடு சேர்ந்து சோப்பாக மாறி எண்ணெயையும் நீரையும் பிடித்துக்கொள்ளும் வெண்காரத்தையும் சேர்த்தனர். ஆயினும் தாவர எண்ணெய் காறிப்போவது நிற்கவில்லை.

அதற்கு விடை பென்சில்வேனியாவின் எண்ணெய்க் கிணறுகளிலிருந்து வந்தது. திமிங்கல எண்ணெயிலிருந்து விளக்கெரிக்கும் எண்ணெய் வடித்துப் பிழைத்துவந்த ராபர்ட் செஸ்பரோ என்ற 22 வயது வேதியியலர், 1859இல் பெட்ரோலியம் தன் தொழிலை விழுங்கிவிடும் என்று கண்டு டைட்டஸ்வில் ஊருக்குப் போனார். அங்கே எண்ணெய் இறைக்கும் தண்டுகளில் படிந்து இயந்திரத்தை அடைத்துக்கொள்ளும் கறுத்த மெழுகைத் தொழிலாளர்கள் சபித்தபடி சுரண்டி எறிந்தனர். அவர்களே கையில் வெட்டோ தீக்காயமோ பட்டால் அதை எடுத்துத் தடவியும் கொண்டனர். அதை வெளிர்நிறக் களிம்பாக வடிக்கும் முறைக்குச் செஸ்பரோ 1872இல் காப்புரிமை பெற்று, வாஸ்லீன் என்று பெயரிட்டார். தன் உடம்பையே சுட்டுப் புண்ணாக்கி, அதில் வாஸ்லீனைத் தடவிக் காட்டி ஊர் ஊராக விற்றார் என்பர். நாள்தோறும் ஒரு கரண்டி விழுங்கினார் என்றும் சொல்வர். அவர் 96 வயது வரை வாழ்ந்தது உண்மை, காரணம் அதுவா என்பது வேறு கதை. வாஸ்லீன் காறிப்போவதில்லை, நாறுவதில்லை, தோலிலிருந்து நீர் வெளியேறுவதை வேறெந்த எளிய பொருளையும்விடத் திறமாகத் தடுக்கிறது; பிசுபிசுப்பு ஒன்றே அதன் குறை.

செஸ்பரோவின் நிறுவனம், 1846இல் மூலிகைச் சாறு விற்கத் தொடங்கிப் பின்னர் கோல்ட் கிரீமுக்கு மாறிய பாண்ட்ஸுடன் 1955இல் இணைந்தது. பல்லாவரத்தில் பாண்ட்ஸ் ஆலையின் பெயர் பேருந்து நிறுத்தத்துக்கே நிலைத்துவிட்டதைச் சென்னைவாசிகள் அறிவர். அதே நிறுவனக் குடும்பம் 1980களில் அமெரிக்காவிலிருந்து பெயர்த்துக்கொண்டுவந்து கொடைக்கானலில் நிறுவிய பாதரச வெப்பமானி ஆலை, மண்ணிலும் நீரிலும் பாதரசம் கலந்ததாக எழுந்த எதிர்ப்புக்குப்பின் 2001இல் மூடப்பட்டது; கழிவைக் களிம்பாக்கித் தொடங்கிய ஒரு வணிகத்தின் வரலாற்றில் இதையும் விட்டுவிட முடியாது.

காலெனின் பால்மம், கம்பளிப் பிசுக்கு என்ற இரு இழைகளும் ஜெர்மனியின் ஹம்பர்க் நகரில் ஒன்றுசேர்ந்தன. வேதியியலர் ஐசக் லிஃப்ஷுட்ஸ், கம்பளிப் பிசுக்கிலிருந்து நீரையும் எண்ணெயையும் நிலையாகப் பிணைக்கும் பகுதியை மட்டும் பிரித்தெடுத்து யூசெரிட் என்று பெயரிட்டார். தோல் மருத்துவர் பால் கெர்சன் உன்னாவின் வழியாக அதை அறிந்த பையர்ஸ்டார்ஃப் நிறுவன உரிமையாளர் ஆஸ்கர் ட்ரோப்லோவிட்ஸ், மருந்தாக மட்டும் கருதப்பட்ட அதில் அன்றாடப் பூச்சுக்கான வாய்ப்பைக் கண்டார். யூசெரிட்டும் நீரும் கிளிசரினும் சிறிது சிட்ரிக் அமிலமும் மலர் மணமும் சேர்ந்த நிவியா 1911 டிசம்பரில் விற்பனைக்கு வந்தது. தொடக்கத்தில் மஞ்சளாக இருந்த அதன் பெட்டி நீலமாக மாறியது 1925இல். மாதக்கணக்கில் பிரியாமலும் கெடாமலும் ரயிலிலும் கப்பலிலும் போகக்கூடிய களிம்பு என்பதுதான் இங்கே புதுமை. அதுவரை வீட்டு அடுப்படிக்கும் மருந்துக்கடை உரலுக்கும் உரியதாக இருந்த வேலை ஆலைக்குப் போயிற்று. இந்தியாவில் 1929இல் கௌர்மோகன் தத்தா கல்கத்தாவில் தொடங்கிய போரோலீன், லானோலினோடு துத்தநாக ஆக்சைடையும் போரிக் அமிலத்தையும் சேர்த்த சுதேசிக் களிம்பு. வங்கத்துக் குளிர்காலமும் அதன் பச்சைக் குழலும் பிரிக்க முடியாதவையாயின.

தமிழகத்தில் இத்தகைய களிம்பு மரபு ஏன் வேர்விடவில்லை என்ற கேள்விக்கு வானிலையே விடை. சங்கப் பாடலான நெடுநல்வாடை காட்டும் கூதிர்ப் பருவம் மழையும் வாடையும் சேர்ந்தது. அங்கே மகளிர் குளிர்ச்சி தரும் சந்தனத்தை விலக்கி நெருப்பை நாடுகின்றனர், வறட்சி அவர்களின் சிக்கலாக இல்லை. நம் எண்ணெய்க் குளியலிலும் எண்ணெய் நீருக்கு முன்பு வருகிறது, பின்னர் சீயக்காயும் அரப்பும் அதைப் பெரும்பாலும் கழுவிவிடுகின்றன. ஈரம் மிகுந்த கடலோரத்துக்கு அது போதும். ஊட்டியிலோ தில்லியிலோ போதாது.

இந்த வரலாறு முழுவதிலும் எண்ணெய்தான் தோலுக்கு உணவு என்ற நம்பிக்கை நிலவியது. 1952இல் அமெரிக்க ஆய்வாளர் இர்வின் பிளாங்க், உலர்ந்து விறைத்த கொம்புப்படலத் துண்டுகளை எண்ணெயில் ஊறவைத்தார்; அவை விறைப்பாகவே இருந்தன. நீர் சேர்ந்தபோதுதான் வளைந்துகொடுத்தன. தோலை மென்மையாக்குவது நீரே, எண்ணெய் அதைப் போகாமல் காக்கும் மூடி மட்டுமே என்பது அப்போது தெளிவாயிற்று. குளிர்ச்சிக்கென்று காலென் நீரைச் சேர்த்தது, காரணம் வேறாயினும், சரியான செயலே. தோல் மருத்துவர்கள் இன்று சொல்லும் முறையும் இதிலிருந்தே பிறந்தது: வெதுவெதுப்பான நீரில் சுருக்கமாகக் குளித்து, உடலைத் தேய்க்காமல் துண்டால் ஒற்றி, ஈரம் முற்றும் காய்வதற்குள் களிம்பைத் தடவ வேண்டும்.